ஸ்டெப் இல்லாத இருபது விடைகள்

செங்கல்பட்டு
14-10-1997

டீச்சரம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் தமிழ்ச்செல்வி உங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, டியூஷனில் சேர நீங்கள் வைத்த கணக்குப் பரீட்சையை எழுதினாள். பதினொன்றரை மணிக்கு அவள் பேப்பரை மற்ற ஐந்து பிள்ளைகளுக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, "இது காப்பி அடிச்ச பேப்பர், எழுந்து போ" என்று சொல்லி அவளை வெளியே அனுப்பினீர்கள். நடந்தது இதுதான். இதில் ஏதாவது தப்பிருந்தால் எழுதுங்கள்.

உங்களுக்கு இரண்டு தடவை ஃபோன் செய்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டீர்கள். நான் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது.

நான் எட்டாவது வரை படித்தவன். பதினான்கு வயதில் சவுக்குத் தோப்பில் கட்டை தூக்க வந்தேன். இன்றைக்குச் செங்கல்பட்டில் சொந்தமாகக் கட்டை டிப்போ இருக்கிறது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்தில் எந்தத் தோப்பு எப்போது வெட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்க இங்கேயே கிடக்கிறேன். மனைவியும் மகளும் சதுரங்கப்பட்டினத்தில். அதனால் அன்றைக்கு நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறாள். "இன்னாடி, சேத்துக்கினாங்களா?" என்று என் மனைவி எல்லம்மாள் கேட்டதற்கு, "எடம் இல்லியாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். உண்மையை மறுநாள் பொன்னி சொன்னாள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அதே பொன்னிதான். எங்கள் தெரு. "கொயந்த மூஞ்சி செத்துப் போச்சிக்கா" என்று எல்லம்மாளிடம் அழுதாளாம்.

டியூஷன் வேண்டுமா வேண்டாமா என்று என் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. காலாண்டில் கணக்கில் இருநூறுக்கு அறுபத்து நாலு. பாஸுக்கு எழுபது வேண்டும். "பொட்டப் புள்ளைக்கு டியூஷனுக்கு வேற கொட்டணுமா?" என்பது எல்லம்மாள் கட்சி. அவள் தம்பி காசிநாதனுக்கு மோகன் என்று ஒரு பையன். மார்ச் பரீட்சையில் தவறினால் வைகாசியில் கல்யாணம், பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிடும் என்று பேசி வைத்துவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன், எப்படியும் தேறிவிடுவாள் என்ற நினைப்பில். ஆக, என் மகள் உங்கள் ஹாலில் எழுத வந்தது சும்மா ஒரு டெஸ்ட் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

எதைப் பார்த்து அவளைத் திருடி என்றீர்கள்? பதில் வேண்டும்.

எல்லப்பன்


டவுன்ஷிப்
17-10-1997

மதிப்பிற்குரிய திரு. எல்லப்பன் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. பதினொன்றரை அல்ல, பதினொன்றே கால். உங்கள் மகள் நேரம் முடிய கால் மணி முன்பே எழுதி முடித்துவிட்டாள். எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அதனால்தான்.

இருபது கணக்குகள் கொடுத்தேன். இருபதுக்கும் விடை எழுதியிருந்தாள், பத்தொன்பது சரி. ஆனால் ஒரு கணக்குக்குக்கூட ஒரு வரி ஸ்டெப் இல்லை. தாளின் ஓரத்தில் ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சும்மா இருபது விடைகள். பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதத்தை மனத்திலேயே போட்டு எழுத என்னாலேயே முடியாது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். ஏற்கெனவே என்னிடம் படிக்கிற ஐந்து பேரும் அன்று அதே தாளை எழுதினார்கள். அவர்களில் நன்றாகப் படிக்கிற ஷ்யாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

"எப்படிப் போட்டாய்?" என்று கேட்டேன். இரண்டாம் முறை கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் முறை கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன் பொதுத் தேர்வில் துண்டுச் சீட்டுடன் பிடிபட்டான். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. "பார்வதம் டீச்சர் டியூஷன் பையன்" என்றுதான் சொன்னார்கள். என் கணவர் அலுவலகத்தில்கூடச் சிரித்தார்கள். அதன் பிறகுதான் இந்த நுழைவுப் பரீட்சையை வைத்தேன்.

தொலைபேசியில் நீங்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் எழுதாமல் விட்டதால். "நூத்தம்பதுக்கு மேல வர்ற ஒவ்வொரு மார்க்குக்கும் நூறு ரூபா தர்றேன், எடுத்துக்கோங்க" என்றீர்கள். மதிப்பெண் சவுக்குக் கட்டை இல்லை, நான் டன் கணக்கில் விற்பதற்கு. ஃபோனை வைத்தது அதற்காகத்தான். நீங்கள் கத்தியதற்காக இல்லை. கத்துகிறவர்களை எனக்குப் பழக்கம்.

பொன்னி சொன்னதை வைத்து என்னை விசாரிக்க வேண்டாம்.

பார்வதம் திருநாவுக்கரசு


செங்கல்பட்டு
21-10-1997

டீச்சரம்மாவுக்கு,

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். உங்கள் டவுன்ஷிப் கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளில் வந்த ஷ்யாமை நிறுத்தினேன். பயப்படாதீர்கள், மிரட்டவில்லை. பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். நல்ல பையன்.

"தம்பி, அன்னைக்கு உனக்கு எத்தினி சரி?"

"பதினாறு, அங்கிள்."

"எங்க பொண்ணுக்கு?"

"அவங்களுக்குப் பத்தொம்பது. டீச்சர் மார்க்கப் படிச்சாங்களே."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பதினாறு மரம் நிற்கிற தோப்புக்குள் புகுந்து பத்தொன்பது மரத்தை எவன் திருடிக்கொண்டு போக முடியும்? மிச்சம் மூன்று எங்கிருந்து வந்தது? எம்.எஸ்ஸி. படித்தவர் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. டியூஷனில் சேர ஒரு பரீட்சை வைக்கிறீர்கள். அதில் நன்றாக எழுதுகிறவனை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். மார்ச்சில் அவன் நன்றாக எழுதினால் அது உங்கள் பெயரில் போகிறது. நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். எவனோ நட்டு, எவனோ தண்ணீர் ஊற்றி, ஐந்து வருடம் வளர்த்த தோப்பில் நேரான மரமாகப் பார்த்து வாங்குகிறேன். ஆனால் இதை நான்தான் வளர்த்தேன் என்று டிப்போ வாசலில் போர்டு மாட்டுவதில்லை.

உங்களை விட்டால் வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்துவிட்டேன். செங்கல்பட்டில் கேசவன் என்று ஒருவர், மாவு மில்லுக்கு மேலே மாடியில் நடத்துகிறார். மைக் வைத்துப் பாடம். எண்பது பிள்ளைகள், இடமில்லாமல் பத்துப் பேர் படிக்கட்டில். கீழே மில் ஓடுகிற சத்தத்தில் மைக்கும் கேட்கவில்லை.

"பொண்ணு வீக்கா, ஆவரேஜா சார்?" என்றார்.

"நீங்க பாத்துதான சொல்லணும்?"

"பாக்கறதுக்கு இல்ல சார். ரெண்டுக்கும் ஃபீஸ் வேற, ரசீதும் வேற கலர்."

திரும்பி வந்துவிட்டேன். மகளை அங்கே உட்கார வைப்பதற்கு வைகாசியில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காக இப்போது வரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளிடமும் கேட்டேன். "எப்டிம்மா போட்ட?" என்றால், "போட்டன் நைனா" என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆனால் என் மகள் பொய் சொல்லமாட்டாள். அந்தப் பேப்பரைத் தபாலில் அனுப்புங்கள். அது அவள் சரக்கு. உங்கள் வீட்டில் கிடக்க வேண்டியதில்லை.

எல்லப்பன்


டவுன்ஷிப்
27-10-1997

திரு. எல்லப்பன் அவர்களுக்கு,

தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் மீண்டும் பார்த்தேன். உங்கள் கழித்தல் என்னை உறங்க விடவில்லை என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். படுங்கள்.

பதினொன்றாம் கணக்கு. அடிப்பாகம் சதுரமான, மேலே மூடி இல்லாத ஒரு தகரத் தொட்டி. கொள்ளளவு முப்பத்திரண்டு கன அடி. மிகக் குறைந்த தகரத்தில் செய்தால் எத்தனை சதுர அடி ஆகும்? என் விடைக் குறிப்பில் அறுபத்து நான்கு. ஷ்யாம் முதல் மற்ற ஐந்து பேரும் அறுபத்து நான்கு என்றே எழுதியிருந்தார்கள், போன மாதம் நான் போட்டுக் காட்டியதுபோலவே. உங்கள் மகள் மட்டும் நாற்பத்தெட்டு. அதுதான் அவளுக்கு நான் தவறு போட்ட ஒரே கணக்கு.

சரியான விடை நாற்பத்தெட்டு. அளவுகளைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, மூடி இல்லாத தொட்டிக்குக் கடைசியில் மூடியின் பதினாறு சதுர அடியையும் கூட்டியிருக்கிறேன். ஐந்து பேர் என்னைப் பார்த்து எழுதினார்கள். அந்த ஹாலில் யாரையும் பார்க்காமல் எழுதியவள் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை என் கணவருடைய ஸ்கூட்டரில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வாசலிலேயே நிறுத்தினார். "இன்னாத்துக்கு வந்தீங்க? இன்னும் இன்னா சொல்றதுக்கு பாக்கி கீது?" என்றார். நியாயம். அரைமணி நேரம் நின்றேன். பிறகு தமிழ்ச்செல்வியே வெளியே வந்து, "உள்ள வாங்க டீச்சர், தெருவுல எல்லாரும் பாக்கறாங்க" என்று அழைத்துப் போனாள்.

அவளுக்கு ஒரு புதுக் கணக்கு கொடுத்து வாயால் சொல்லச் சொன்னேன். சொன்னாள், ஒரு ஸ்டெப் விடாமல். நான் வகுப்பில் போடுவதைவிட இரண்டு ஸ்டெப் குறைவாக, ஆனால் சரியாக. இருபது வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. சொன்னதை அப்படியே எழுது என்றேன். பென்சிலை எடுத்தாள். வைத்துவிட்டாள்.

"தெரியும் டீச்சர். கை வரல."

"ஏன் வரல?"

"யாராச்சும் பாப்பாங்க."

"பார்க்கத்தானே எழுதுறது?"

ஸ்கூல் காலாண்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். விடை மட்டும் கேட்கிற ஒரு மார்க் கேள்விகளில் முழு மதிப்பெண். மற்ற எல்லாவற்றிலும் விடைக்கு ஒன்று, ஸ்டெப்புக்குச் சைபர். இப்படித்தான் அறுபத்து நாலு. மார்ச்சிலும் இதே அறுபத்து நாலுதான் வரும், உலகத்தில் எந்த டீச்சரை வைத்தாலும். கணக்குத் தெரியாத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். இது வேறு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கிளம்பும்போது சொன்னாள்: "நைனாவுக்குத் தெரியும்."

உங்களுக்கு என்ன தெரியும்?

டியூஷனுக்கு வா என்று கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள்.

பார்வதம்


செங்கல்பட்டு
3-11-1997

டீச்சரம்மாவுக்கு,

தெரியும்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவில்லை. லோடு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு டிப்போவிலேயே இருந்தேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவளுக்கு அப்போது பத்து வயது. நெம்மேலியில் பக்தவத்சலம் என்பவருடைய தோப்பு வெட்டுக்கு வந்திருந்தது. பள்ளி லீவு என்று அவளையும் கூட்டிப் போனேன். எங்கள் தொழிலில் மரத்தை வெட்டி எடை போட்டு வாங்குவது கிடையாது. நிற்கிற தோப்பைச் சுற்றி வந்து, வரிசையை எண்ணி, நாலு மரத்தைக் கையால் பிடித்துப் பார்த்து, மனசுக்குள் ஒரு மதிப்புப் போட வேண்டும். அந்த மதிப்பு வெளியே வரக் கூடாது. வெளியே சொல்வது வேறு விலை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எங்கள் சோறு. கணக்கைப் போட்டுக் காட்டுகிறவன் ஒரு வருடம்கூட இந்தத் தொழிலில் நிற்க மாட்டான்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இத்தனை வரிசை, வரிசைக்கு இத்தனை மரம், ஒரு மரம் இத்தனை கிலோ, டன் இன்ன விலை என்று ஒன்றின் கீழ் ஒன்றாக. எல்லாம் நான் வழியில் சொல்லிக்கொண்டு வந்ததுதான். போட்டு முடித்து ஓடி வந்து, "நைனா, சரியா?" என்று நீட்டினாள். என் கையில் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

பக்தவத்சலம் வாங்கிப் பார்த்தார். அப்படிச் சிரித்தார்! "இன்னா எல்லப்பா, உம் பொண்ணே சொல்லிட்டா. இதுக்கு மேல நமக்குள்ள இன்னா பேச்சு கீது?" என்றார். தோப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் போட்ட விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று. அவள் போட்டது என் மதிப்புக்கு இம்மிகூடப் பிசகவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அந்தக் காகிதத்தைக் கிழித்து அவள் முகத்தில் எறிந்தேன். அத்தனை பேர் முன்னால் ஒரு அறை. "இன்னொரு தபா கணக்கப் போட்டு எவன் கண்ணுலயாவது காட்டுன, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

பிறகு நான் மறந்துவிட்டேன். அவள் எதையும் எழுதாமல் மனசிலேயே போடுவதைப் பார்த்து, "என் மகளுக்குப் பேப்பரே வாணாம்" என்று ஏழு வருடம் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சரி, எழுதிவிட்டேன். இப்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். என்மேல் எனக்கு இருக்கிற கோபம் என்னோடு. உங்கள்மேல் இருக்கிற கோபம் உங்களோடு. அதைக் காட்டி இதைக் கழித்துக்கொள்ள விட மாட்டேன். அவள் பேப்பரை ஐந்து பேர் முன்னால் தூக்கிக் காட்டினீர்கள். அந்த ஐந்து பேர் முன்னால், அதே ஹாலில், உங்கள் வாயால் "இவள் காப்பி அடிக்கவில்லை, நான்தான் தப்பு" என்று சொல்ல வேண்டும். அது நடந்தால் டியூஷனைப் பற்றிப் பேசலாம். நடக்காவிட்டால் பேச்சே இல்லை. வாசலில் அரைமணி நேரம் நின்றதெல்லாம் என் மனைவியோடு நீங்கள் பட்டது. என்னிடம் செல்லாது.

எல்லப்பன்


டவுன்ஷிப்
6-11-1997

திரு. எல்லப்பன் அவர்களுக்கு,

முடியாது.

தொட்டிக் கணக்கு தவறு என்று ஐந்து பேரிடமும் போன வாரமே சொல்லித் திருத்திவிட்டேன். தமிழ்ச்செல்வியின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் டவுன்ஷிப் முழுவதும் பரவும். கணக்கு டீச்சருக்கே கணக்குத் தெரியவில்லை, தெரிந்த பிள்ளையைத் திருடி என்று துரத்தினாள் என்பார்கள். ஒரு தடவை இங்கே தலைகுனிந்து நடந்தது போதும். இது வாடகை வீடு இல்லை, காலி செய்துவிட்டு வேறு தெருவுக்குப் போக. என் கணவர் வேலையில் இருக்கும்வரை இந்த மனிதர்கள் நடுவில்தான் நான் காய்கறி வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் மனைவி முன்னால் அவளிடம் சொல்கிறேன். மார்ச் வரை கட்டணம் வாங்காமல் சொல்லித் தருகிறேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் நானும் ஒன்று கேட்கிறேன். நான் தூக்கிக் காட்டியது ஐந்து பேர் முன்னால், ஒரு நாள். நீங்கள் கிழித்தது ஒரு தோப்பு ஆட்கள் முன்னால், ஏழு வருடம். என்னை மன்னிப்பு கேட்கச் சொல்கிறீர்களே, நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்? எனக்கு நான்கு பக்கம் எழுதினீர்கள். அவளுக்கு ஒரு வரி எழுதினீர்களா?

அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. நாம் சண்டை போட்டு முடிப்பதற்குள் மார்ச் வந்துவிடும்.

பார்வதம்


சதுரங்கப்பட்டினம்
11-11-1997

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். டிப்போவை மூடிவிட்டு மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் வந்து சேர்ந்தேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தமிழ்ச்செல்வி கையில் கொடுத்தேன். நான் எழுதியதில் என்ன இருந்தது என்று வாயால் சொன்னேன். நெம்மேலி விஷயத்தைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"ரெண்டு பேரும் என்ன வெச்சி மாசம் பூரா கடுதாசி எழுதிக்கினு கீறீங்க. என்ன ஒருத்தராவது கேட்டீங்களா, உனுக்கு இன்னா வோணும்னு?"

"சரி, சொல்லும்மா. இன்னா வோணும்?"

எனக்கு முப்பது வருட வியாபாரம். எத்தனையோ பேரோடு விலை பேசியிருக்கிறேன். இப்படி மாட்டிக்கொண்டதில்லை. விரல் விட்டுச் சொன்னாள்.

"நீ எங்க கியிச்சியோ, அங்க வந்து, அந்தாளு முன்னாடி சொல்லு. டீச்சர் எங்க சொன்னாங்களோ, அங்கயே சொல்லட்டும். வூட்டுல வந்து காதுல சொல்றதெல்லாம் வாணாம். அப்பறம், காசிநாதன் மாமா வூட்டுக்கு நீயே போயி, பாஸானாலும் பெயிலானாலும் வைகாசிப் பேச்சு இல்லன்னு சொல்லிட்டு வா."

"கல்யாணப் பேச்சுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள் எல்லம்மாள்.

"பெயிலானா கல்யாணம்னு சொல்லிட்டு பரீச்ச எழுதச் சொன்னா, கை எப்டிம்மா வரும்?"

எல்லம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் அத்தனையும் சத்தம் போட்டன. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "எந்தம்பியாண்ட நான் சொல்லிக்கிறேன், நீ போயி கத்தித் தொலையாத" என்று எனக்குக் குரல் வந்தது. நானும் கூடப் போனேன், கத்தவில்லை. மோகன்தான் கதவைத் திறந்தான். "எனக்கும் இப்ப வாணாம் மாமா, யாரும் கேக்கலியேன்னு இருந்தேன்" என்றான். என்னத்தைச் சொல்ல!

திங்கட்கிழமை அவளை டிவிஎஸ்-50 பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நெம்மேலிக்குப் போனேன். மாமல்லபுரம் தாண்டியதும் மறுபடியும் மழை. பக்தவத்சலம் தோப்பில்தான் இருந்தார், ஆட்களோடு.

"இன்னா எல்லப்பா, இது வெட்டறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கீதே?"

"தோப்புக்கு வரல அண்ணாத்த."

ஆட்களையும் கூப்பிடச் சொன்னேன். வந்து நின்றார்கள். சொன்னேன். அன்றைக்கு இவள் போட்ட கணக்கு சரி, மறைத்தது நான், அடித்தது தப்பு, கிழித்தது தப்பு என்று. பக்தவத்சலம் சிரித்தார். "இதுக்கா இம்மாந் தூரம் நனஞ்சிகினு வந்த?" என்றார். ஆட்களும் சிரித்தார்கள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு முழுக்க எனக்கு. இனி அந்தத் தோப்பில் விலை குறைத்துக் கேட்க எனக்கு வாய் வராது. அந்த நஷ்டம் என்னோடு போகட்டும்.

"போலாம் நைனா" என்றாள். வழியில் பாதி தூரம் வந்ததும் என் தோளில் கை வைத்துக்கொண்டாள், ரோட்டுப் பள்ளத்துக்குப் பயந்து இருக்கலாம்.

ஆக, டீச்சரம்மா, என் பங்கு முடிந்துவிட்டது. காய்கறி வாங்குகிற இடத்தில் உங்களுக்குக் கஷ்டம் என்கிறீர்கள். தோப்பு வாங்குகிற இடத்தில் எனக்கும் கஷ்டம்தான். நான் போய் நின்றேன். இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்பதையும் அவளிடம் சொன்னேன். அதற்கு அவள் பதிலை அவளே வந்து சொல்வாளாம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நிற்பாள். உள்ளே கூப்பிடுவதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் இஷ்டம். திருப்பி அனுப்பினால் இனி எங்கள் வீட்டிலிருந்து கடிதம் வராது. நான் நேரில் வருவேன்.

எல்லப்பன்


டவுன்ஷிப்
17-11-1997

திரு. எல்லப்பன் அவர்களுக்கு,

நேரில் வர வேண்டாம்.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டேன். ஐந்து பேரும் இருந்தார்கள். ஷ்யாமின் அம்மா பிரதீபா அன்றைக்கென்று பார்த்து எதையோ திருப்பிக் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். போகவில்லை. போக மாட்டார் என்று தெரிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். காப்பி அடித்தது அவள் இல்லை. என் தவறைக் காப்பி அடித்தது மற்ற ஐந்து பேர். எல்லோரும் போட்ட தவறான கணக்கைச் சரியாகப் போட்டவளை நான் வெளியே அனுப்பினேன் என்றேன். பிரதீபா வாயைத் திறந்தபடி இருந்தார். சாயங்காலத்துக்குள் டவுன்ஷிப்பில் தெரியாதவர்கள் இல்லை. பொன்னியிடம் கேளுங்கள், எப்படியும் கேட்டிருப்பீர்கள்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீங்கள் போய் நின்றுவிட்டதால்தான் நானும் நிற்க வேண்டியதாயிற்று.

தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. "சரிங்க டீச்சர், ஒக்காரட்டா?" என்றாள். இலவசம் என்று நான் எழுதியதற்கு என்ன பதில் என்று கேட்டேன்.

"ஓசி வாணாம் டீச்சர். ஓசியில படிச்சா, நீங்க தப்பாப் போட்டா நான் எப்டிக் கேக்கறது?"

ஷ்யாம் சிரித்துவிட்டான். அவனை முறைத்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் கணக்குக்கு ஸ்டெப் எழுத அவளுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஏழு வரி. ஒவ்வொரு வரியையும் இடது கையால் மூடிக்கொண்டு எழுதினாள். கையை எடு என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் கணக்கு வரும்போது இடது கை பாதி விலகியிருந்தது. மார்ச்சுக்குள் முழுவதும் விலகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கணக்கில் அவளுக்குச் சொல்லித் தர எனக்கு அதிகம் இல்லை, இந்த ஒன்றைத் தவிர.

அவளும் நானும் பேசி முடித்தது இதுதான். உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள். சனி, ஞாயிறு காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. ஒரு மார்க்குக்கு இவ்வளவு என்ற பேச்சு இனி எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது. யாருடைய பேப்பரையும் யார் முன்னாலும் நான் தூக்கிக் காட்டுவதில்லை. என் விடைக் குறிப்பில் தவறு கண்டால் அவள் வகுப்பிலேயே எழுந்து சொல்லலாம். சனி, ஞாயிறுகளில் நீங்கள் அவளை எந்தத் தோப்புக்கும் கூட்டிப் போகக் கூடாது, எனக்கு ஃபோன் செய்யவும் கூடாது. கட்டணம் மாதம் முந்நூறு ரூபாய், மற்ற ஐந்து பேருக்கும் உள்ளதேதான். நவம்பர் பாதி போய்விட்டதால் இந்த மாதத்துக்கு நூற்றைம்பது போதும் என்று அவளே பேசிக் குறைத்தாள். ஒப்புக்கொண்டேன்.

பார்வதம்